அண்ணியிடமே கேட்டோம், அண்ணே

வாய் ஓயாத என் லூர்து அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளன்று பூ வைக்க வந்தபோதே இதையெல்லாம் உன்னிடம் சொல்லிவிட நினைத்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். காற்றில் மெழுகுவத்தி நிற்கவே இல்லை, அதைப் பொத்திப் பிடிப்பதிலேயே என் நேரம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். இன்றைக்கும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே போய் என்ன கேட்பது என்று தெரியாமல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணி இன்னும் உன் பக்கம் வந்து சேரவில்லை என்பது உனக்கே தெரிந்திருக்கும். வரப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நீ போன பிறகும் அண்ணி நிபோங் திபால் வீட்டிலேயேதான் இருந்தார். உன் பிள்ளை ஜெரால்ட் மெல்பர்னுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான், நான் டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில், சிரிப்புதான். போன மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. அதற்குப் பிறகு பாதத்தில் எறும்பு ஊறுவதுபோல் இருக்கிறது என்று போனில் சொன்னார். கிளினிக்கில் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டவர் எழுந்திருக்கவில்லை. ரொம்ப உருக்கமாக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். அவரோ எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பாலம் தாண்டி இங்கே தீவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. "ரீத்தா, மூச்சு பத்தல" என்றார். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு நான் அவர் குரலைக் கேட்கவில்லை. வாய் வழியாகக் குழாய் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நோயின் பெயர் கில்லன் பாரே. சிகிச்சைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சீன டாக்டர், நம் ஜெரால்ட் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பொறுமையாக விளக்கினார். நரம்புக்கு மேலே இருக்கும் உறையை உடம்பே எதிரி என்று நினைத்து அரித்துவிடுகிறதாம். மருந்து கொடுத்திருக்கிறோம், உறை திரும்ப வளரும், ஆனால் ரொம்ப மெதுவாக வளரும், எவ்வளவு வளரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அண்ணியின் முகத்திலும் அசைவு போய்விட்டது. கண் இமை மூடாததால், கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்று களிம்பு போட்டு டேப் ஒட்டியிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு மயங்கிக் கிடப்பது மாதிரிதான் தெரியும். வந்த சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றே பேசினார்கள். ஒருத்தி, போனவள் மாதிரியே இருக்கிறாள் என்றாள். இன்னொருத்தி அடக்கம் எந்தக் கோயிலில் என்று என்னைக் கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அண்ணே. காதில் விழும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் உன் ஞாபகம். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உன்னை இப்படியொரு அறைக்குத்தான் கொண்டுபோனார்கள். எங்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தினமும் ஒரு குரல் கூப்பிட்டு, நேற்றுப் போலவே இருக்கிறார் என்று சொல்லும். கடைசியில் வேறொரு குரல் கூப்பிட்டது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? என்ன செய்யப்போகிறோம் என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா? உனக்குக் காது கேட்டதா, அண்ணே?

இந்த முறை என்னை உள்ளே விட்டார்கள். ஆனால் உள்ளே போனால் பேச வேண்டுமே. அடையாள அட்டை எடுக்கப் போனாலும், பள்ளிக்கூடத்தில் பேர் பதியப் போனாலும் கவுண்டரில் பேசினது நீதான். நான் உன் சட்டைக்குப் பின்னால் நின்றே வளர்ந்தவள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும், மேலதிகாரி முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அருளப்பன் மாமா ஃபாதரை அழைத்துக்கொண்டு வந்தார். அண்ணியின் அண்ணனை ஜெரால்டோடு சேர்ந்து நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியும். ஃபாதர் செபம் சொல்லி, அண்ணியின் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். மாமா தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாம்மா பிலோ, எங்களப் பத்திக் கவலப்படாத" என்று அழுதார்.

அப்போது டேப்புக்குக் கீழே இருந்து ஈரமாக ஒரு கோடு வழிந்தது. களிம்பு உருகுகிறது என்றார்கள். நான் திரையைப் பார்த்தேன், இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. குனிந்து அண்ணியின் காதில், "அண்ணி, யாரும் உங்கள அனுப்பல. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கியது. இந்த நோயில் அது தானாகவே ஏறும் இறங்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று போனேன். டாக்டரும் கூட வந்தவர்களும் கட்டிலைச் சுற்றி நின்று இங்கிலீஷில் வேகவேகமாகப் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றதுதான் மிச்சம். அதற்கு அடுத்த நாள் நீ எப்படிக் கேட்பாய் என்று யோசித்தேன். நீ முதலில் வணக்கம் சொல்வாய், சிரிப்பாய், பிறகு நகர மாட்டாய். நானும் டாக்டருக்கு எதிரில் போய் நின்றுகொண்டேன். மலாயும் இங்கிலீஷும் கலந்து கேட்டேன். என் அண்ணிக்குக் காது கேட்கிறது என்று நினைக்கிறேன், கண்ணில் இருக்கும் டேப்பைக் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்க்க முடியுமா என்று.

டாக்டர் கோபப்படவில்லை. மயக்க மருந்து இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது, காலையில் கையை அமுக்கச் சொல்லிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றார். எந்தப் பாஷையில் சொன்னீர்கள் என்று கேட்டேன். மலாயிலும் இங்கிலீஷிலும் என்றார். அண்ணிக்கு மார்க்கெட்டில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய் தெரியும், அதோடு அவருக்குக் கை அசையாதே டாக்டர் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நாளைக்கு மருந்தைக் குறைக்கிறோம், நீங்கள் இருக்கும்போதே பார்ப்போம் என்றார்.

அடுத்த நாள் சல்மா என்ற மலாய் நர்ஸ் டேப்பை மெதுவாக எடுத்தாள். அண்ணியின் கண் கூரையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. பொம்மைக் கண் மாதிரி.

"அண்ணி, ரீத்தா வந்திருக்கேன். நான் பேசறது கேட்டா மேல பாருங்க."

ஒன்றும் இல்லை. டாக்டர் காத்திருந்தார், அவசரப்படவில்லை. பிறகு அந்தக் கருவிழி, ஏணியில் ஏறுகிறவர் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

தற்செயலாக இருக்கலாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி ஒன்று கேளுங்கள் என்றார் டாக்டர். இல்லை என்றால் பக்கத்தில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, "உங்க பேரு மார்கரெட்டா?" என்று கேட்டேன். கருவிழி பக்கவாட்டில் போனது. "பிலோமினாவா?" மேலே போனது. டாக்டர் குனிந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஃப் யா, ஆன்ட்டி" என்று அவரிடமே மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அவர் அந்தக் கட்டிலுக்கு வந்தால் முதலில் அண்ணியிடம் பேசிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசுவார்.

நான் அடுத்துக் கேட்டது வலிக்கிறதா என்று. மேலே பார்த்தார். தலையா, முதுகா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காலுக்கு வந்தோம். காலில் போர்வை பட்டாலே நெருப்பாக எரிந்திருக்கிறது, அண்ணே. அத்தனை நாளும் சுத்தமான போர்வையை ஒழுங்காக இழுத்து மூடி, நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உடனே நரம்பு வலிக்கு மருந்து எழுதினார்கள். போர்வை காலில் படாமல் வளைவாக ஒரு சட்டம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் குறைந்துபோனது. பார்வை நேரத்தில் டேப் வேண்டாம் என்று கேட்டேன். சளியை உறிஞ்சி எடுப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். கட்டில் பக்கத்தில் துக்கம் பேச வந்தவர்களை வெளியே அழைத்துப்போய், அவருக்குக் காது கேட்கிறது, உள்ளே ஊர்க்கதை பேசுங்கள் என்றேன். ஒன்றிரண்டு பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. நர்ஸ்களுக்கும் நான் சில நாள் தொந்தரவாக இருந்திருப்பேன். அவர்கள் செய்யச் சொன்னதை நானும் செய்தேன், கையை எப்படி மடக்கி நீட்டிவிடுவது என்று கற்றுக்கொண்டேன்.

பெரிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. வாயில் இருக்கும் குழாயை இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சுக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஜெரால்ட் மெல்பர்னிலிருந்து வந்திருந்தான். அவனையும் மாமாவையும் என்னையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசினார்கள்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மாவ மெஷின்ல போட்டு வச்சிருந்தத நான் பாத்தவன்," என்றார். "என் தங்கச்சிக்கு அது வேணாம்லா. கழுத்த அறுத்து, மாசக்கணக்குல கெடந்து, அப்புறம் போறதுக்கு, இப்பவே நிம்மதியா போகட்டும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெரால்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க சொல்லுங்க. அப்பா இருந்தா என்ன செய்வாரு?" என்றான்.

ஒரு வார்த்தை உன் பெயரால் சொல்லியிருந்தால் போதும், அண்ணே. அவன் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பான். எனக்கும் அண்ணி பிழைக்க வேண்டும் என்றுதான் ஆசை. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"அப்பா என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாதுய்யா," என்றேன். "அம்மாவுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கலாம். அவங்க அங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களையே கேப்போம்."

அவளிடம் போய் இதைக் கேட்பதா, பயந்துவிடுவாள் என்றார் மாமா. டாக்டர் அவர் பக்கம் திரும்பி, ஆன்ட்டியால் பதில் சொல்ல முடியும், அப்படியானால் அவரைத்தான் நாங்கள் கேட்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

எல்லோரும் கட்டிலுக்குப் போனோம். டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். எதையும் மறைக்கக் கூடாது என்று முன்னாலேயே முடிவு செய்திருந்தேன். கழுத்தில் துளை போடுவார்கள், கொஞ்ச காலம் பேச முடியாது, பல மாதம் ஆகும், நடக்கலாம், சக்கர நாற்காலியோடும் நின்றுவிடலாம், யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேண்டாம் என்றாலும் வலியில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னேன்.

புரிகிறதா என்று கேட்டேன். மேலே பார்த்தார். செய்யலாமா என்று கேட்டேன். கண் மேலேயும் போகவில்லை, பக்கத்திலும் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கட்டில் காலடியில் நின்றிருந்த மாமாவிடம் போய் நின்றது.

"மாமாகிட்ட ஏதாவது சொல்லணுமா, அண்ணி?" மேலே பார்த்தார்.

மாமா மேல் கோபமா என்று கேட்டேன். பக்கத்தில் பார்த்தார், இல்லை. மாமா பயப்படுகிறார் என்று கவலையா என்று கேட்டேன். மேலே பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஃபாதர் வந்த நாளில் மாமா சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அண்ணன் வழியனுப்பிவிட்டார், இனி இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார்.

"மாமா, நீங்களே கேளுங்க" என்றேன்.

மாமா கட்டிலின் பக்கமாக வந்தார். "பிலோ," என்றார். "கழுத்துல ஓட்ட போடுவாங்கம்மா. ரொம்ப நாளாகும். நீ இருக்கியா? ஒனக்கு இருக்கணுமா?"

அண்ணியின் கண் மேலே போனது. போய் அங்கேயே நின்றது, கீழே இறங்கவே இல்லை. மாமா எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் தங்கச்சியைப் பார்த்து, "சரிம்மா. சரி. இருப்போம்" என்றார். ஜெரால்ட் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

துளை போட்டார்கள். அதற்குப் பிறகும் நிமோனியா வந்து எங்களை ஒரு தரம் ஆட்டி வைத்தது. அதுவும் போனது. முதலில் வலது தோள், பிறகு விரல்கள். இயந்திரம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விடப் பழகினார். மாமா தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து, பேப்பரில் இருப்பதை ஒன்று விடாமல் படித்துக் காட்டுவார், ராசி பலன் உட்பட. கழுத்துக் குழாயில், பேச உதவுகிற மூடி ஒன்றைப் போட்ட நாளில் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அண்ணி என்னைப் பார்த்தார். காற்றடிக்கிற குரலில், "ரீத்தா, நீ ரொம்பப் பேசற" என்றார்.

வார்டில் ஒரு சாயங்காலம், உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். முதலில் சொல்ல விரும்பவில்லை. பிறகு, "மண்ணுக்குள்ள இருக்கோமோன்னு நெனச்சேன்," என்றார். "இருட்டு, அசைய முடியல. அப்புறம் அந்தச் சல்மா பிள்ள வரும். மக்சிக்னு கூப்பிட்டு, திருப்பிப் படுக்க வைக்கப்போறேன்னு சொல்லிட்டுத்தான் தொடும். செத்தவங்ககிட்ட யாரு சொல்லிட்டுத் திருப்புவாங்க? சரி, உசுரோடதான் இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் கேட்பதற்கு முன்னாடியே இதையும் சேர்த்துச் சொன்னார்: "ஒங்க அண்ணனையும் அப்படி ஒரு பிள்ள பாத்திருக்கும், ரீத்தா."

பார்த்ததா, அண்ணே? எனக்கு அது தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. ஆனால் அண்ணி அங்கேயே படுத்திருந்துவிட்டு வந்து சொல்கிறார். அதனால் நான் அதை நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி இப்போது என் வீட்டில் இருக்கிறார். ஊன்று சட்டத்தைப் பிடித்துக் கூடத்திலிருந்து சமையலறைவரை நடக்கிறார். இடது பாதம் இன்னும் தரையைத் தேய்க்கிறது. போன வாரம் மாமா வந்திருந்தார், ஜெரால்ட் வீடியோவில் இருந்தான். அண்ணியை எங்கே வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. மெல்பர்னில் நல்ல வசதி இருக்கிறது என்றான் ஜெரால்ட். பட்டர்வொர்த்தில் கீழ்த்தள அறை காலியாக இருக்கிறது என்றார் மாமா. நானும் விடாமல், ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம் என்றேன். மூன்று பேரும் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி எங்கள் நடுவில் உட்கார்ந்து, கை நடுங்காமல் கரண்டியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு, சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கரண்டியைக் கீழே வைத்தார். "நான் நிபோங் திபாலுக்குப் போறேன்" என்றார்.

எனக்குப் பயம்தான், அண்ணே. வாசலில் படி இருக்கிறது, குளியலறை வழுக்கும், ராத்திரியில் விழுந்தால் யாருக்குத் தெரியும். அவர் தனியாக இருப்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் கெடுகிறது. டாக்டரிடம் கேட்டேன். கூட ஆள் வைத்து, வீட்டைக் கொஞ்சம் மாற்றினால் முடியாது என்று சொல்ல மாட்டேன் என்றார்.

ஆகவே படிக்குப் பதிலாகச் சாய்தளம் போட ஆள் பார்த்துவிட்டேன். குளியலறையில் பிடிமானக் கம்பி வைக்க அளவு எடுக்க, வருகிற சனிக்கிழமை நானும் மாமாவும் போகிறோம். அண்ணியும் கூட வருகிறார், கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று அவர்தானே சொல்ல வேண்டும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான்: அண்ணி இருக்கிற வரைக்கும், அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி யாரும் முடிவெடுக்க விடமாட்டேன். அந்த யாரும் என்பதில் நானும் சேர்த்தி.

உன் பிலோமினாவின் நாத்தனார்,
உனக்கு எப்போதும் ஒரே தங்கச்சி,
ரீத்தா